இடம் நான்கு, டேக் இரண்டு

நேர்காணல் முடிந்ததும் எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்:
ஒரு நிமிடம் யாரும் அசைய வேண்டாம்,
அறையின் மௌனத்தைப் பதிய வேண்டும்.

சிரிப்பார்கள்.
எனக்கோ அதுதான் சம்பளம்.
சமையலறை மௌனம் வேறு, கோயில் மடப்பள்ளி மௌனம் வேறு.
வெட்டி ஒட்டிய பேச்சுக்கு அடியில்
சீமெந்து போல அதைப் பூசாவிட்டால்
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே குழி தெரியும்.

மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன்.
பலசரக்குக் கடையின் நிலவறை.
வெளியே மைனஸ் இருபத்தாறு,
படிகளில் உப்பும் சேறும்.
குளிரங்கியைக் கழற்றாமலே
ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தார் யோகமலர்.
ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று வரை
வாடகைக்கு எடுத்த அலைவரிசை.
விளம்பரம் இரண்டு, பாட்டு மூன்று,
மிச்சமெல்லாம் மரண அறிவித்தல்.

இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும்
லவாலை வதிவிடமாகவும் கொண்ட இன்னார்
வெள்ளிக்கிழமை காலமானார்.
பிறகு ஒரு நீண்ட பட்டியல்:
அன்புக் கணவர், பாசமிகு தாயார், மைத்துனர்மார், பெறாமக்கள்.
எவரையும் அவர் வேகமாகக் கடப்பதில்லை.

இயக்குநர் ஜெனவியேவ் பிரெஞ்சில் கேட்டாள்,
நான் தமிழில் கேட்டேன்:
ஒவ்வொன்றின் முடிவிலும் கொஞ்சம் நிறுத்துகிறீர்களே,
அது அஞ்சலியா?

யோகமலர் என்னைத்தான் பார்த்தார்.
“இல்லைப் பிள்ளை,
கடைசியில ரெலிபோன் நம்பர் வருது.
சனம் பேனை தேட வேணும்.”

மொழிபெயர்த்தேன்.
ஜெனவியேவின் முகம் சற்று வாடியது.
படத்தின் மிகச் சிறந்த பதில் அது என்று
எனக்குப் பட்டது.
ஆனால் ஒலிக்காரரிடம்
யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

மூன்று மணி நேரம் கதைத்தார்.
ஒருமுறை தகப்பன் பெயருக்குப் பதிலாக
மகன் பெயரை வாசித்துவிட
அந்த மகனே அழைத்து,
“அக்கா, நான் இன்னும் இருக்கிறன்” என்றானாம்.
அடுத்த கிழமை அவனுக்காக ஒரு பாட்டுப் போட்டாராம்.
கமெராக்காரனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை,
ஆனாலும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு அந்த ஒரு நிமிடம்.
ஹீட்டர் குழாயில் ஒரு சீறல்.
மேலே கடையில் யாரோ அரிசி மூட்டையை இழுத்தார்கள்.
டேக் ஒன்று பழுது.
டேக் இரண்டில்
அவருடைய மூச்சு மட்டும்,
மூக்கு லேசாய் அடைத்த, மார்கழி மூச்சு.

வியாழன் இரவு ஒன்பது மணி,
நாடு முழுக்க ஒளிபரப்பு.
ஐம்பத்திரண்டு நிமிடம்.
நகரத்தின் சின்ன வானொலிகளைப் பற்றிய படத்தில்
போர்த்துக்கீசக் காற்பந்து வந்தது,
ஹெய்ட்டிக்காரரின் காலைச் செய்தி வந்தது,
பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் நான்கு தரம் வந்தார்.
யோகமலர் வரவில்லை.
நன்றிப் பட்டியலில்
எழுத்துப் பிழையோடு ஓடிப் போனார்.

மறுநாள் காலையில் அழைத்தார்.
“ரெண்டு தரம் பாத்திட்டன். நான் எங்க வாறன்?”

எப்படிச் சொல்வது.
பேராசிரியரின் அலுவலகத்துக்கு வெளியே
அன்றைக்குத் தெருவைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.
அங்கே எடுத்த மௌனம் ஒன்றுக்கும் உதவவில்லை.
படத்தொகுப்பாளன் இருப்பதில் சுத்தமானதைத் தேடி
இடம் நான்கு, டேக் இரண்டை
அவர் பேச்சுக்கு அடியில் விரித்துவிட்டான்.
சமூகம், நினைவு, குரலற்றோர் என்று
அவர் அடுக்கிக்கொண்டே போக
இடைவெளிகளில் எல்லாம்
யோகமலர் மூச்சு விடுகிறார்.

சொன்னேன்.
மறுமுனையில் ஒன்றும் இல்லை.
பிறகு பெரிய சிரிப்பு.
“அப்ப, வாயை மூடிக்கொண்டு இருந்ததுக்குத்தான்
ரீவியில இடம் குடுத்திருக்கினம்!”

சிரிப்பு அடங்கியதும்
குரல் வேலைக்குத் திரும்பியது:
“எத்தினையாம் நிமிசம்?”

முப்பத்தொன்று, பத்தாவது செக்கன்...

“பொறு பிள்ளை,
பேனை எடுத்திட்டு வாறன்.”

ஏதோ ஒரு இழுப்பறை திறந்தது, மூடியது.
இன்னொன்று திறந்தது.
நான் அசையாமல் இருந்தேன்.